கடற்கரையில் நிற்கும் டியு-142

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் ஒரு பிரம்மாண்டமான போர் விமானம் நிற்கிறது. பெயர் டியு-142. சோவியத் நாட்டில் உருவான இந்த விமானம் 1988-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. முதலில் கோவா, 1992 முதல் நம் அரக்கோணம் ராஜாளி தளம். 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது அங்கேதான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள்.

அருகில் போனதும் இறக்கைகளைப் பாருங்கள். நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள். முன்னது ஒரு பக்கம் சுழன்றால் பின்னது எதிர்ப்பக்கம் சுழலும். ஜெட் விமானத்தை நெருங்கும் வேகம் இப்படித்தான் கிடைத்தது. எழுப்பும் சத்தமும் காதைப் பிளக்கும்.

இதன் வேலை நீர்மூழ்கி வேட்டை. சோனோபாய் என்ற மிதவைக் கருவிகளைக் கடலில் போட்டுவிட்டு மேலே வட்டமிடும். நீருக்கடியில் நீர்மூழ்கி எழுப்பும் ஓசையைப் பிடித்து, மிதவை வானொலி அலையில் விமானத்துக்கு அனுப்பும். மணிக்கணக்காகக் கடலுக்கு மேல் அதைக் கேட்டபடி விழித்திருந்த வீரர்களின் பொறுமை சாதாரணமானதல்ல!

சாலைக்கு எதிர்ப்புறம் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம். வேட்டையாடும் விமானமும் நீர்மூழ்கியும் எதிரெதிரே! விசாகப்பட்டினம் போனால் பிள்ளைகளை இரண்டுக்கும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.