பட்டத்துக்குப் பின் பல் மருத்துவம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் வாழவந்தி நாட்டில், கல்லூரிப் படிப்பை முடித்த பின் பல் மருத்துவத்தை நாடும் ஓர் இளைஞர் முதலில் அறிய வேண்டியது, இளநிலைப் பல் மருத்துவமான பி.டி.எஸ்., ஒரு பட்டத்துக்குப் பிந்தைய படிப்பன்று என்பதே. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, நீட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவரே அதில் சேர முடியும் என்பதால், வணிகவியல் பட்டதாரிக்கு வழி அநேகமாக அடைபட்டே இருக்கிறது. நீட் தேர்வுக்கு வயது உச்சவரம்பு இப்போது இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2020 முதல் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு தனி.

நான்கு ஆண்டுப் பாடமும், நோயாளிகளிடம் நேரடியாகப் பழகும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தாண்டு ஆகும். சிறப்புத் துறை வேண்டுமெனில் எம்.டி.எஸ். மேலும் மூன்றாண்டு. அதன்பின் சொந்த மருத்துவமனை தொடங்க நாற்காலி, காற்றழுத்தி, கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் என முதலீடு தொடரும். ஆகவே இருபத்தோரு வயதில் இதைத் தேர்பவர், குடும்பம் தம் வருமானத்துக்காக ஐந்தாண்டு காத்திருக்க இயலுமா என்பதையே முதற்கேள்வியாகக் கொள்ள வேண்டும்.