இரண்டு சர்வர்கள் இருந்தும் சேவை ஏன் நிற்கிறது?

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் தடைபட்டன. ஏறக்குறைய 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. இத்தனைக்கும் இரு வங்கிகளுக்குமே மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. அதற்கு மாறும்போதுதான் ஒன்றில் கட்டமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மற்றொன்றில் இணைப்புக் கோளாறு.

மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, அது சமயத்தில் கைகொடுப்பது வேறு. கணினித்துறை மாணவர்கள் இதைத் தங்கள் மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம். லினக்ஸ் ஓடும் இரண்டு மெய்நிகர் கணினிகள், பொதுச் சேமிப்பகமாக மூன்றாவது ஒன்று, கோரோசிங்க், பேஸ்மேக்கர் என்ற இரு இலவச மென்பொருள்கள் போதும். கோரோசிங்க் வழியாக இரு சர்வர்களும் “இருக்கிறாயா?” என்று ஒன்றையொன்று விசாரித்தபடி இருக்கும். ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால் அதன் வேலையைப் பேஸ்மேக்கர் மற்றதில் தொடங்கிவைக்கும்.

சிக்கல் இங்கேதான். அந்தச் சர்வர் செத்திருக்கலாம். இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்பி அறுந்திருந்தால் இரண்டு சர்வர்களுமே “நான்தான் மிச்சம்” என்று எண்ணி, சேமிப்பகத்தில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். இஎக்ஸ்டி4 போன்ற சாதாரணக் கோப்பு முறைமை, ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் தன்னைக் கையாளும் என்ற நம்பிக்கையில் உருவானது. இருவர் எழுதினால் கோப்புகள் சிதைந்துவிடும். சேவை ஒரு மணி நேரம் நின்றால் திட்டு கிடைக்கும், அவ்வளவுதான். சிதைந்த தரவுக்குக் காப்புநகலைத் தேடி ஓட வேண்டும்.

மூன்று சர்வர்கள் என்றால் பெரும்பான்மை முடிவு செய்யும். இரண்டில் ஒன்றுக்கு ஒன்று சமம். அதற்குத்தான் ஸ்டோனித். ‘அடுத்தவன் தலையில் சுடு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. பெயர் முரட்டுத்தனம்தான், ஆனால் முறை சரியானது: மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்து, அது அணைந்தது உறுதியான பிறகே சேமிப்பகத்தைத் தொட வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் சுட்டுக்கொண்டு சாகாமலிருக்க, ஒன்றுக்கு மட்டும் சில நொடித் தாமதம் வைப்பார்கள். பயிற்சியின்போது பலர் ஸ்டோனித்தை அணைத்துவிட்டு மேலே போகிறார்கள். செய்யாதீர்கள், அதுதான் பாடமே.

சோதிக்கும்போது கட்டளை கொடுத்து ஒழுங்காக நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. நெட்வொர்க் இணைப்பைத் துண்டியுங்கள். கல்லூரியில் உண்மையான சர்வர்கள் கிடைத்தால் மின்கம்பியையும் பிடுங்கிப் பாருங்கள். ஒரு வேடிக்கை நடக்கலாம். அணைக்கும் கட்டளையை ஏற்கும் சில்லும் அதே சர்வருக்குள் இருந்தால், அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். ‘அணைந்துவிட்டது’ என்று சொல்ல ஆளில்லாததால், நலமாக இருக்கும் சர்வர் பொறுப்பேற்காமல் காத்தே நிற்கும். தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய மின்செருகுப் பலகையையும் இரண்டாவது வழியாக வைப்பது இதற்காகத்தான்.