பழைய லேண்ட் ரோவருக்குப் புது உயிர்: முதலில் தொட வேண்டியது எது?

மாணவர்களே, கேமரன் மலையில் கம்போங் ராஜா கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பாருங்கள். முட்டைக்கோஸ், தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு பழைய லேண்ட் ரோவர் ஒன்று உறுமியபடி போகும். சில வண்டிகளுக்கு உங்கள் அப்பாவைவிட வயது அதிகம். கதவு நசுங்கியிருக்கும், பெயிண்ட் உரிந்திருக்கும். ஆனால் கதவிலும் மட்கார்டிலும் செந்நிறத் துருவைத் தேடினால் கிடைக்காது. அதே வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். சேசி செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். ஒரே மழை, ஒரே சேறு, ஒரே வயது. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இத்தகைய வண்டியை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை பல அண்ணன்மாருக்கு உண்டு. பெரும்பாலும் பணம் முதலில் பெயிண்டுக்கும் பெரிய டயருக்கும் போகும். அடுத்து அதிக சக்தியுள்ள என்ஜினுக்குப் போகும். சேசியும் பிரேக்கும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நிற்கும். நீங்கள் பள்ளியில் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கின்றன. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போருக்குப் பின் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் அவர் போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் போலவே உழவர்களுக்குப் பயன்படும் வண்டி ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது.

அந்நாளில் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் பங்கீடு இருந்தது. அலுமினியம் எளிதாகக் கிடைத்தது. ஆகவே உடல் தகடுகளை அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த உலோகக் கலவையில் செய்தார்கள். சுமையைத் தாங்கும் சேசி மட்டும் எஃகாகவே இருந்தது. எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோல் ஒட்டவைத்து, ஏணி வடிவில் அதை அமைத்தார்கள். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

துருவின் வேதியியல்

அலுமினியம் காற்றில் பட்டவுடன் உயிர்வளியுடன் சேர்ந்து அலுமினிய ஆக்சைடு ஆகிறது. இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனாலும் உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, நீரையும் காற்றையும் உள்ளே விடாமல் காக்கிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் புதுப் படலம் உடனே உருவாகும்.

இரும்பு அப்படியில்லை. நீரும் உயிர்வளியும் சேர்ந்து கிடைத்தால் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. அவை பின்னர் நீரேறிய இரும்பு ஆக்சைடாக, அதாவது துருவாக, மாறுகின்றன. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அது உப்பி, வெடித்து, உதிரும். உதிர்ந்ததும் அடியிலுள்ள புது இரும்பு வெளியே தெரியும். அதுவும் துருப்பிடிக்கும்.

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றும் ஈரமாகவே இருக்கிறது. சேசி பெட்டி வடிவில் இருப்பதால் அதன் துளைகள் வழியே சேறு உள்ளே புகுந்து, காயாமல் கிடக்கும். காய்கறித் தோட்ட வண்டிகள் உரமும் ஏற்றுகின்றன. பல உரங்களில் பொட்டாசியம் குளோரைடு போன்ற உப்புகள் உண்டு. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் துருப்பிடித்தல் வேகமாக நடக்கும். இப்படிச் சேசி உள்ளிருந்து வெளியே அரிபடுகிறது. வெளியே துரு தெரியும் நேரத்தில் உள்ளே எஃகு மெலிந்து போயிருக்கும்.

அலுமினியமும் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் ஈரம் தேங்கினால், அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிறது. மின்வேதி வரிசையில் அலுமினியம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானை இழக்கும். எனவே அந்த இடத்தில் அரிபடுவது அலுமினியம்தான். பழைய லேண்ட் ரோவரின் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருப்பதைப் பார்த்தால் காரணம் இதுவே. புதுப்பிப்பவர்கள் இரண்டு உலோகங்களுக்கும் இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் வைப்பதும் இதனால்தான்.

சேசியைச் சோதிப்பது எப்படி?

அனுபவமுள்ள மெக்கானிக் சிறிய சுத்தியலை எடுத்துச் சேசி நெடுகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் சுத்தியல் உள்ளேயே போய்விடும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும், லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டை வில்கள் மாட்டும் இடங்களும், ஓட்டுநர் கால் வைக்கும் பகுதியும் முதலில் பார்க்க வேண்டியவை. ஸ்பிரிங் மாட்டும் இடம் பாதி வழியில் கழன்றால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேதம் சிறிதாக இருந்தால், அரித்த பகுதியை வெட்டிவிட்டுப் புது எஃகை வெல்டிங் செய்யலாம். துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது பயன் தராது. படலத்துக்கு அடியில் துரு தொடர்ந்து பரவும். சேதம் பெரிதென்றால் துத்தநாகம் பூசிய புதுச் சேசி போடுவதே சிறந்த வழி. துத்தநாகம் 420 பாகை செல்சியசில் உருகும். ஏறக்குறைய 450 பாகையில் உள்ள உருகிய துத்தநாகத் தொட்டியில் சேசியை முழுவதும் முக்கி எடுப்பார்கள். பெட்டியின் உட்பக்கமும் பூசப்பட்டுவிடும். பின்னாளில் கீறல் விழுந்தாலும், இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானை இழக்கும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய எஃகை வெல்டிங் செய்யும்போது எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். இது பழகியவர்கள் தகுந்த பாதுகாப்போடு செய்யும் வேலை.

சிறிய என்ஜின் எப்படி மலை ஏறுகிறது?

1960, 70-களின் லேண்ட் ரோவர்களில் பெரும்பாலும் இருந்தது 2.25 லிட்டர் என்ஜின். டீசல் வகையின் திறன் ஏறக்குறைய 60 குதிரைத்திறன்தான். இன்றைய சிறிய கார்கள் பலவற்றுக்கு இதைவிட அதிகம். ஆனாலும் அந்தக் கார்கள் திணறும் மண் சரிவில் இது ஏறிவிடுகிறது.

இரகசியம் பற்சக்கரங்களில் இருக்கிறது. சாதாரண கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு கியர் பெட்டி உண்டு. சிவப்புக் குமிழ் உள்ள தண்டை இழுத்தால் அது தாழ்நிலைக்கு மாறும். அப்போது முதல் கியரில் என்ஜின் ஏறக்குறைய 40 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் 40-இல் ஒரு பங்காகக் குறையும்போது, முறுக்குவிசை ஏறக்குறைய 40 மடங்காகிறது. உராய்வில் கொஞ்சம் போய்விடும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும் என்ஜின் சக்கரத்தை 25 முறை சுற்றுகிறது. டயரின் சுற்றளவு 2.5 மீட்டர் என்று கொண்டால் வேகம் மணிக்கு 3.75 கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகம்! நீண்ட நெம்புகோலால் பாறையைப் புரட்டுவதும் இதே கொள்கைதான்.

மஞ்சள் குமிழ் முன் சக்கரங்களையும் இணைக்கும். அதைச் சேற்றில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. சேற்றில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும்.

இவ்வளவு இருந்தும், நெடுஞ்சாலையில் பழைய என்ஜின் மெதுவாகத்தான் போகும். அதனால் பலர் 1990-களில் டிஃபெண்டர் வகையில் வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல் என்ஜினைப் பொருத்துகிறார்கள். அதன் திறன் 100 குதிரைத்திறனுக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியை எது நிறுத்தப் போகிறது?

இறக்கத்தின் கணக்கு

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கும் சாலையை எண்ணிப் பாருங்கள். உயரம் 1,000 மீட்டருக்கு மேல் குறைகிறது. சுமையோடு வண்டியின் பொருண்மை 2,000 கிலோகிராம் என்போம். 1,000 மீட்டர் இறக்கத்துக்கு அது இழக்கும் ஈர்ப்பு நிலை ஆற்றல்:

2,000 × 9.8 × 1,000 = 19,600,000 ஜூல்.

வண்டி வேகமெடுக்காமல் கீழே வர வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் எங்காவது வெப்பமாக வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற 4,200 × 80 = 336,000 ஜூல் தேவை. வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 58 கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அதில் பெரும்பகுதியை பிரேக்கே சுமந்தால் என்ன ஆகும்?

பழைய லேண்ட் ரோவர்களின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். சுழலும் இரும்பு உருளையின் உட்பக்கத்தை பிரேக் ஷூக்கள் அழுத்தும். சூடேறினால் உருளை விரிவடைந்து ஷூவை விட்டு விலகும். மூடிய அமைப்பு என்பதால் வெப்பமும் எளிதில் வெளியேறாது. ஷூவின் உராய்வும் குறையும். மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

பிரேக் எண்ணெயிலும் ஓர் ஆபத்து உண்டு. பாஸ்கல் கோட்பாட்டின்படி அந்தத் திரவம்தான் மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. பொதுவாகப் பயன்படும் பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் சேர்ந்த பிறகு அது 155 பாகை வரை இறங்கலாம். திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் வந்துவிட்டால் ஆபத்துதான். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

இந்த நிலையில் அதிகத் திறனுள்ள என்ஜினைப் போட்டு, வேகத்தை மணிக்கு 60-லிருந்து 90 கிலோமீட்டராக உயர்த்தினால்? வேகம் ஒன்றரை மடங்குதான். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. எனவே பிரேக் ஒவ்வொரு முறையும் 2.25 மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும்.

ஆகவேதான் என்ஜினை மாற்றும் முன்பு முன்சக்கரங்களுக்காவது டிஸ்க் பிரேக் பொருத்துவது நல்லது. தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் குளிரும். சூட்டில் விரிந்தாலும் அது பிரேக் பேடை விட்டு விலகாது. ஆனால் டிரம் பிரேக்குக்கு ஒரு சாதகம் உண்டு: முன்பக்கத்து ஷூவைச் சுழற்சியே இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடைக்காது. அதனால் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் தேவைப்படும். டீசல் என்ஜின் என்றால் அதற்கு வெற்றிடப் பம்பும் வேண்டும். ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்தவற்றையும் மாற்ற வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தோட்டத்துக்குள் மட்டும் மெதுவாக ஓடும் வண்டிக்கு நன்கு பராமரித்த டிரம் பிரேக்கே போதும். எந்த பிரேக்கானாலும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வர வேண்டும். அப்போது வெப்பத்தின் ஒரு பகுதியை என்ஜின் ஏற்றுக்கொள்ளும். பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது.

சரியான வரிசை

முதலில் சேசி. இரண்டாவது பிரேக்கும் ஸ்டியரிங்கும். மூன்றாவது பழைய மின்கம்பிகளும் எரிபொருள் குழாய்களும். நான்காவது என்ஜின். ஐந்தாவது பெயிண்ட். பணம் நடுவில் தீர்ந்துபோனால், இந்த வரிசையில் வேலை செய்தவரிடம் அழகில்லாத, ஆனால் பாதுகாப்பான வண்டி இருக்கும். தலைகீழாகச் செய்தவரிடம் பளபளக்கும், வேகமாக ஓடும், நிற்காத வண்டி இருக்கும். என்ஜின் மாற்றத்துக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவை என்பதையும் உங்கள் வீட்டில் நினைவூட்டுங்கள்.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீர் ஊற்றுங்கள். முதல் குவளையில் துத்தநாகம் பூசாத ஓர் இரும்பு ஆணியைப் போடுங்கள். இரண்டாவதில் செம்புக் கம்பி சுற்றிய ஆணியும், மூன்றாவதில் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய மெக்னீசியம் நாடா சுற்றிய ஆணியும் போடுங்கள். நான்கு நாள்களுக்கு நாள்தோறும் பார்த்து எழுதுங்கள். எந்த ஆணி விரைவாகத் துருப்பிடித்தது? எது தப்பியது? மின்வேதி வரிசையைக் கொண்டு காரணம் கூறுங்கள். பிறகு ஒரு கேள்வி: லேண்ட் ரோவரின் சேசியில் செம்பு போல்ட்டுகளைப் பயன்படுத்தலாமா?