யந்திரநிலை காட்டும் அசைவுக் குறிகள்

பெருந் தொழிற்சாலைகளிலே யந்திரங்கள் ஓரிடத்தும், அவற்றை நடத்துவோர் பிறிதோரிடத்தும் இருத்தல் இக்காலத்து வழக்கம். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையாயினும், மின்சார நிலையமாயினும், ஒரு நகர் முழுவதற்கும் குடிநீர் வழங்கும் நிலையமாயினும், பம்புகளும் வால்வுகளும் கொதிகலங்களும் வெயிலிலும் இரைச்சலிலும் நின்று தொழில் புரிய, அவற்றை நடத்துவோர் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலே திரைகளின் முன் அமர்ந்திருப்பர். பம்பின் ஒலி அவர் செவிக்கு எட்டாது. குழாயின் சூடு அவர் கைக்குத் தெரியாது. அவர் காண்பன வெல்லாம் திரையில் வரையப்பட்ட சிறு குறிகளே. அக்குறிகளைக் கொண்டே அவர் யந்திரத்தின் நிலையை உணர்ந்து ஏற்ற கட்டளைகளைப் பிறப்பிக்கின்றனர். ஆகவே, அக்குறிகளை இயற்றுங் கலை வெறுஞ் சித்திரக் கலையன்று. உயிர்க்கும் உடைமைக்கும் காவலாகிய கலையுமாம். அதன் இயல்பினைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கிலிருந்து திரைக்கு

முற்காலத்துக் கட்டுப்பாட்டு அறைகளில் சுவர் முழுவதையும் மறைத்து நிற்கும் இரும்புப் பலகைகள் இருந்தன. அவற்றின்மீது குழாய்களும் தொட்டிகளும் வண்ணக் கோடுகளால் வரையப்பட்டு, ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒன்றோ இரண்டோ சிறு விளக்குகள் பொருத்தப்பட்டிருக்கும். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹனிவெல் கம்பெனியாரும், ஜப்பான் நாட்டு யோகோகாவா கம்பெனியாரும் கணினிகளைப் பல இடங்களிற் பரப்பி ஆலையை ஆளும் முறையை வெளியிட்டனர். அது முதலாகப் பலகையின் இடத்தைத் திரை மெல்ல மெல்லக் கைக்கொண்டது. பலகையிலுள்ள விளக்கு எரியவும் அணையவும் மட்டுமே அறியும். திரையிலுள்ள குறியோ நிறம் மாறும், உயரும், தாழும், சுழலும், மறையும். இவ்வாற்றல்கள் வாய்த்தமையால் நன்மையும் விளைந்தது; தவறான வழியிற் பயன்படுத்துங்கால் தீமையும் விளைவதாயிற்று.

அசைவு உண்டாகும் விதம்

திரையில் ஒரு பம்பின் குறி சுழல்வதைக் காண்பவர், அங்கே யாதோ ஒன்று மெய்யாகவே சுழல்வதாக எண்ணுவர். உண்மையில் அது சினிமாப் படத்தின் தந்திரமேயாம். மூன்று இதழ்களையுடைய ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அது 120 பாகை திரும்பியவுடன் முன்போலவே தோன்றும். ஆதலால், 30 பாகைக்கு ஒன்றாக நான்கு படங்கள் வரைந்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினால், சக்கரம் ஓயாது சுழல்வதாகவே கண்ணுக்குத் தோன்றும். தொட்டியின் குறிக்கு இத்தந்திரமும் வேண்டுவதில்லை. அளவுகருவி அனுப்பும் எண்ணுக்கு ஏற்ப வண்ணம் நிரம்பிய பகுதியின் உயரத்தை மாற்றினாற் போதும். குறியின் உயரம் 200 புள்ளிகள் எனின், தொட்டி நூற்றுக்கு 65 பங்கு நிறைந்திருக்கும்போது 130 புள்ளிகள் வரை வண்ணம் நிற்கும்.

இவ்விரண்டனுள்ளும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தொட்டியின் குறியிலே காணும் அசைவு ஆலையிலிருந்து வருவது. நீர் மட்டம் ஏறினாலன்றி அது ஏறாது. சக்கரத்தின் சுழற்சியோ அத்தகையதன்று. “பம்பு ஓடுகின்றது” என்னும் ஒரு சொல் ஆலையிலிருந்து வந்தவுடன், சுழற்றும் வேலையைத் திரையின் கணினியே தன் கடிகாரத்தைக் கொண்டு செய்கின்றது. பின்னர் ஆலைக்கும் கணினிக்கும் இடையேயுள்ள கம்பி அறுந்து போயினும், அச்சக்கரம் களைப்பின்றிச் சுழன்றுகொண்டேயிருக்கும்! காண்போர் அதனை மெய்யென நம்புவர். இக்காரணத்தால், ஆலையிலிருந்து புதுச் செய்தி வரவில்லையெனின் குறி உடனே நின்று, தன்மேல் ஒரு குறுக்குக் கோட்டையோ வினாக் குறியையோ காட்டுமாறு அமைத்தல் இன்றியமையாதது. “யான் அறியேன்” என்று சொல்லவல்ல குறியே நம்பத்தக்க குறியாம்.

கட்டளை வேறு, நிகழ்ச்சி வேறு

குறி இயற்றுவோர் முதற்கண் வினவ வேண்டிய வினா ஒன்று உண்டு: இக்குறி எதனைக் காட்டுகின்றது? யந்திரத்திற்கு நாம் இட்ட கட்டளையையா, யந்திரம் மெய்யாகச் செய்த செயலையா? இவ்விரண்டும் ஒன்றேயெனக் கருதுவது எளிது. ஆயின், கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே இடையூறுகள் பல உள. பியூஸ் எரிந்து போகலாம். மோட்டார் மிகுந்த பாரத்தால் தானே நின்றுவிடலாம். பழுதுபார்க்கச் சென்ற தொழிலாளி பம்பின் அருகேயுள்ள சுவிட்சை நிறுத்தி வைத்திருக்கலாம். குறியைக் கட்டளையோடு பிணைத்துவிட்டால், பம்பு அசையாது நிற்பவும் திரையிலே அது சுழன்று நிற்கும்.

ஆகலின், மோட்டாருக்கு மின்சாரம் விடுக்கும் கான்டாக்டரிலிருந்து, “யான் மூடினேன்” என்று திரும்பி வரும் விடையையும் பெறுதல் வேண்டும். கட்டளை, விடை என்னும் இரண்டையும் ஒப்பிட்டால் நான்கு நிலைகள் பிறக்கும். இரண்டும் இல்லையெனின் பம்பு நிற்கின்றது. இரண்டும் உளவெனின் ஓடுகின்றது. கட்டளையிருந்து விடை வரவில்லையெனின், சில விநாடிகள் வரை புறப்படுகின்றது என்று கொள்ளலாம். குறித்த காலம் கடந்தால் அது பழுதேயாம். கட்டளை நீங்கிய பின்னும் விடை நீங்கவில்லையெனின், ஒன்று யாரோ அங்கிருந்தே அதனை ஓட்டுகின்றனர். அன்றேல் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. இந்நான்கு நிலைகளுக்கும் நான்கு தோற்றங்கள் வேண்டும். இரண்டே தோற்றங்களையுடைய குறி பாதி உண்மையை மறைக்கின்றது.

வால்வின் செய்தியும் இத்தகையதே. நன்கு அமைத்த வால்வில் லிமிட் சுவிட்சுகள் இரண்டு இருக்கும். ஒன்று முற்றுந் திறந்ததனை அறிவிக்கும். மற்றொன்று முற்றும் மூடியதனை அறிவிக்கும். இரண்டும் பேசாதிருப்பின் வால்வு நடுவழியில் உள்ளது. இரண்டும் ஒருங்கே பேசுமாயின், ஒரு வால்வு ஒரே காலத்தில் திறந்தும் மூடியும் இருத்தல் இயலாதாகையால், சுவிட்சோ கம்பியோ கெட்டதென்று துணியலாம். ஒரே சுவிட்சை வைத்து, “திறக்கவில்லை, ஆகவே மூடியிருக்கிறது” என்று முடிவு செய்யும் குறியோ நடுவழியில் சிக்கிய வால்வை மூடியதாகவே காட்டும்.

இவ்விடையுங்கூட முழு உண்மையன்று. கான்டாக்டர் மூடியதனால் மோட்டாருக்கு மின்சாரம் சென்றது என்பது மட்டுமே பெறப்படும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பூட்டு முறிந்திருப்பின், மோட்டார் சுழன்றும் நீர் ஏறாது. ஆதலால் அறிவுடையோர் பம்பின் குறிக்கு அருகே குழாயின் அழுத்தத்தையோ நீரின் ஓட்டத்தையோ எண்ணாற் காட்டி வைப்பர். ஒரு சாட்சி சொன்னதை மற்றொரு சாட்சியாற் சோதிப்பது நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய முறையன்று.

ஒரு விளக்கு விளைத்த கேடு

“கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் உண்மையை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்தில் நேர்ந்தது. அங்கே மூன்று மைல் தீவு என்னும் இடத்திலிருந்த அணுசக்தி மின்சார நிலையத்தின் இரண்டாம் உலையில், 1979-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் அதிகாலை 4 மணியளவில், நீராவி கொதிகலங்களுக்கு நீர் ஊட்டும் பம்புகள் நின்றுபோயின. உலையின் நீரிலே அழுத்தம் மிகுந்தது. அதனைத் தணிக்கும் வால்வு விதிப்படி திறந்தது. அழுத்தம் குறைந்த பின் அது மூடியிருத்தல் வேண்டும். ஆயின் மூடாமற் சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டுப் பலகையில் அவ்வால்வுக்குரிய விளக்கு ஒன்று இருந்தது. வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் செல்லும்போது அவ்விளக்கு எரியும். மின்சாரம் நின்றால் அணையும். அது வால்வின் நிலையைக் காட்டியதன்று. வால்வுக்கு இட்ட கட்டளையையே காட்டிற்று. விளக்கு அணைந்ததைக் கண்டோர் வால்வு மூடிற்று என நம்பினர். உலையைக் குளிர்விக்க வேண்டிய நீரோ இரண்டு மணி நேரத்திற்கு மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது. நீர் மிகுந்துவிட்டதென மயங்கி, அவசரமாகப் புகுந்துகொண்டிருந்த நீரையும் அவர்கள் குறைத்துவிட்டனர். வேறொரு வால்வை மூடி அவ்வழியை அடைத்தது காலை 6 மணி 20 நிமிஷ அளவிலேதான். அதற்குள் கேடு மூண்டது; உலையின் உட்கருவில் ஏறக்குறையப் பாதி உருகிப்போயிற்று. அங்கிருந்தோர் பயிற்சி பெற்றவரே, கண் விழித்திருந்தவரே. அவர் கண்முன் நின்ற குறியோ கேளாத வினாவுக்கு விடை கூறிற்று.

அசைவிற்கும் அளவு வேண்டும்

குறி மெய்யே கூறினும், கூறும் முறையிலும் அளவு வேண்டும். மனிதக் கண்ணின் ஓரத்திலே நிறத்தை உணரும் திறன் குறைவு. அசைவை உணரும் திறனோ மிகுதி. புதரிடையே ஓர் இலை அசைந்தாலும் நம் நோக்கம் அங்கே செல்வது இதனாலன்றோ? இவ்வியல்பு விலைமதிப்பற்ற செல்வம். ஒரே திரையில் 40 பம்புகளையும் சுழலவிட்டு, குழாய்தோறும் நீர் ஓடுவதாகக் காட்டி, அச்செல்வத்தை வீணே செலவிட்டால், மெய்யாகவே அபாயம் நேருங்கால் கண்ணை அழைப்பதற்கு யாதும் எஞ்சாது. திருவிழாக் கூட்டத்திலே ஒருவர் கையசைத்தால் யார் காண்பர்?

ஆதலின், இக்காலத்து நல்லறிஞர் பலர், ஓடும் பம்பை ஒரு வெளிறிய வடிவாலும் நிற்கும் பம்பைக் கருத்த வடிவாலும் அசைவின்றிக் காட்டி, திரையின் பின்புலத்தைச் சாம்பல் நிறமாக வைத்துக்கொள்கின்றனர். அசைவை ஒரே காரியத்திற்கு ஒதுக்குகின்றனர். புதிதாக ஒரு பழுது தோன்றினால் அதன் அடையாளம் விட்டு விட்டு ஒளிரும். நடத்துவோர் “கண்டுகொண்டேன்” என அறிவித்தவுடன் ஒளிர்தல் நிற்கும். பழுது நீங்கும் வரை நிறம் மட்டும் மாறாது நிற்கும். ஒளிர்வது அடையாளமேயன்றி எழுத்தும் எண்ணுமல்ல. மறைந்து மறைந்து தோன்றும் எண்ணை வாசிப்பது அரிது.

நிறத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மின்சாரத் துறையினருள் பலர் சிவப்பை ‘இயங்குகின்றது’ என்றும், பச்சையை ‘நின்றது’ என்றும் கொள்வர். இரசாயன ஆலையினருள் பலர் இதற்கு நேர்மாறாகக் கொள்வர். இரு துறையும் ஒரே ஆலையிற் சந்திக்குமிடத்து, ஒரே நிறம் ஒருவருக்கு அமைதியையும் மற்றவருக்கு அச்சத்தையும் தரும். அன்றியும், ஐரோப்பிய மரபினரான ஆண்மக்களில் பன்னிருவருள் ஒருவர் சிவப்பையும் பச்சையையும் செவ்வையாகப் பகுத்துணர மாட்டார். ஆகவே நிறம் ஒன்றையே நம்பாது, வடிவத்தாலும் எழுத்தாலும் அதே செய்தியைத் தெரிவித்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் சர்வதேசத் தானியக்கச் சங்கத்தார் வெளியிட்ட 101-ஆம் நியமமும், ஒவ்வோர் ஆலையும் தன் திரைகளுக்குரிய விதிகளை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை எங்கும் ஒருபடித்தாகக் கையாளுதல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றது.

அளவு கடந்தால் நேர்வது யாது என்பதற்கு வேல்ஸ் நாட்டு மில்போர்டு ஹேவன் எண்ணெய் ஆலை சான்றாகும். அங்கே 1994-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் காலையில் இடி மின்னலால் ஆலை நிலை குலைந்தது. ஒரு வால்வு மூடியிருப்பவும், கட்டுப்பாட்டு முறை அதனைத் திறந்ததாகவே காட்டிற்று. ஒரு கலத்தினுள் எண்ணெய் புகுந்துகொண்டேயிருந்தது, வெளியேற வழியில்லை. புகுவது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு என்பதை ஒருங்கே காட்டும் திரையும் இல்லை. பிற்பகல் வெடிப்பு நேர்ந்தது. அதற்கு முந்திய 11 நிமிஷங்களில், இருவராக இருந்து நடத்தியோர்க்கு வந்த எச்சரிக்கைகள் 275. இரண்டரை விநாடிக்கு ஒன்றாக வருவதை எவர் படிப்பர், எவர் ஆராய்வர்? 26 பேர் காயமுற்றனர். உயிர்ச் சேதம் நேராதது பெரும்பேறே.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

மாணவ நண்பர்களே! நும்முட் சிலர் நாளை இத்துறையிற் புகுந்து இத்தகைய குறிகளை இயற்றுவீர். அழகிய சக்கரத்தைச் சுழற்றிக் காட்டுவது ஒரு பொழுதில் முடியும் வேலை, கண்டோரும் வியப்பர். ஆயினும் அதனை ஆலைக்கு அளிக்குமுன் சில சோதனைகளைச் செய்ம்மின். குறி கொள்ளக்கூடிய நிலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுமின். பின்னர் யந்திரத்தின் அருகே ஒருவரை நிறுத்தி, கம்பியைக் கழற்றச் செய்ம்மின். பியூஸை எடுக்கச் செய்ம்மின். வால்வை நடுவழியில் நிறுத்தச் செய்ம்மின். ஒவ்வொரு முறையும் திரையிலே அந்நிலைக்குரிய தோற்றமே தோன்றுகின்றதா எனக் காண்மின். எல்லாம் நலமாயிருக்கும்போது மெய் சொல்லுதல் எந்தக் குறிக்கும் எளிது. கெட்ட காலத்திலும் மெய் சொல்லுகின்றதா என்பதே அதன் தகுதியை அளக்குங் கோல்.

இரவிலே தனியனாய்த் திரைமுன் அமர்ந்திருப்பவன் யந்திரத்தைக் காணான். நீவிர் வரைந்த குறியையே காண்பான். அதனை நம்பியே கை நீட்டிக் கட்டளையிடுவான். அந்நம்பிக்கைக்குத் தக்கதாகக் குறியை அமைத்தல் அதனை வரைவோர் கடனாகும்.