பெற்றோர் கையொப்பம்

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தின் அடியில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்றோர் இடம் விடப்பட்டிருக்கும். சேத்தியாத்தோப்பைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் பெற்றோர் பலர் அவ்விடத்தில் தம் பெயரை எழுதுகின்றனர். எழுத்தறியாதோர் பெருவிரல் பதிக்கின்றனர். அக்கையொப்பத்துக்குச் சட்டம் தரும் மதிப்பு என்ன? பிள்ளைகள் மீது பெற்றோருக்குள்ள உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த வழக்கொன்று இவ்வினாக்களுக்கு வழிகாட்டும்.

அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா, தம் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா ஆகிய இருவரின் பாதுகாவலை 1910ஆம் ஆண்டு சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். அம்மையார் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று அங்கேயே கல்வி பயிலச் செய்தார். பின்னர் மனம் மாறிய தந்தை, மைந்தரைத் திருப்பித் தருமாறு 1912இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அம்மையார் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார். 1914இல் வந்த தீர்ப்பு இருபுறமும் நோக்கியது. பாதுகாவல் என்பது தந்தையிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு; அதனைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தாலும் திரும்பப் பெறலாம் என்றது. ஆயினும் இங்கிலாந்தில் வாழும் அம்மைந்தரின் நலனையும் விருப்பத்தையும் கேட்டறியாமல் பிறப்பித்த ஆணை நிலைக்காது எனக் கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்தது. தந்தையின் உரிமை நிலைபெற்றது, தந்தையோ தோற்றார். அம்மைந்தருள் மூத்தவரே பின்னாளில் தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியாக உலகறிய விளங்கியவர்.

தந்தையின் உரிமை இவ்வாறு பேசப்பட, தாயின் உரிமை நெடுங்காலம் பேசப்படவே இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984இல் தம் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்துத் தாமே பாதுகாவலராகக் கையொப்பமிட்டார். கணவரும் அதற்கு இசைந்திருந்தார். ரிசர்வ் வங்கியோ தந்தையின் கையொப்பத்தைக் கேட்டது. 'பின்' என்னும் சிறு சொல்லை 'இறந்த பின்' எனக் கொண்டதால் நேர்ந்த இடர் இது. 1999இல் உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்குத் 'தந்தை இல்லாத நிலையில்' எனப் பொருள் கூறியது. தந்தை பொறுப்பின்றி இருத்தல், இருவரும் பேசித் தாயிடம் பொறுப்பை விடுதல் ஆகியனவும் அந்நிலையுள் அடங்கும் என விளக்கியது. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் எண்ணற்ற தாய்மாரின் கையொப்பம் மதிப்புப் பெற்றது.

பெற்றோர் உரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்னும் கோரிக்கை அமெரிக்காவில் வலுத்துள்ளது. அங்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்பு உண்டு. இத்தகைய திருத்தத்தைக் கொலராடோ வாக்காளர்கள் 1996இல் மறுத்தனர். டெக்சாஸ் வாக்காளர்கள் 2025இல் ஏற்றனர். பிள்ளை வளர்ப்பில் அரசு தலையிடுவதைத் தடுக்கத் திருத்தம் தேவை என்பது ஆதரிப்போர் வாதம். வீட்டிலேயே துன்புறும் குழந்தையைக் காக்க முடியாமற் போகும் என்பது எதிர்ப்போர் அச்சம். இவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

தமிழ்நாட்டுக்கெனத் தனி அரசமைப்பு இல்லை. இந்திய அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. அவ்வரசமைப்பின் 28ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் இளவருக்குச் சமய போதனை அளிக்கப் பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்கிறது. 2002இல் நிறைவேறிய 86ஆம் திருத்தம் வேறொரு திசையில் சென்றது. அது ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கி, அக்கல்விக்கு வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. அதன் வழிவந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதுகாவலராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றது. வயலில் நாற்று நடும் தாய் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுக்கும் இடத்தில் அமர்வது இச்சட்டத்தால்தான்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் இவ்வயதெல்லையைக் கடந்தவர். சேத்தியாத்தோப்புச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில், வெட்டுக் கூலிக்கு ஆள் போதாமல் பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பள்ளியிலிருந்து நிறுத்த ஒரு குடும்பம் எண்ணினால், கல்வி உரிமைச் சட்டமும் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குறுக்கே நிற்கும். பதினாறு வயதானவனுக்கு அவ்வுரிமை இல்லை. தொழிலாளர் சட்டமும் இடர்மிகு தொழில்களிலிருந்து மட்டுமே அவனை விலக்குகிறது. அதே வயதுடைய மாணவிக்குத் திருமணம் நடத்தப் பெற்றோர் முனைந்தால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அவர்களையும் தண்டிக்கும். ஆனால், மாற்றுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பத்தில் அவர்கள் கையொப்பமிட்டால், அவள் கல்வியைக் காக்கும் அடிப்படை உரிமை இன்னும் எழுதப்படவில்லை.