வீக்கம் தணிக்கும் கைகள்

நம் உடலில் குருதி ஓடுவதை அனைவரும் அறிவோம். அதனுடன் மற்றொரு நீரும் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் நிணநீர். நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீர் முழுவதும் அக்குழாய்களுக்கே திரும்புவதில்லை. எஞ்சும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 லிட்டர் இருக்கும். அதனை நிணநீர் நாளங்கள் திரட்டிக் கழுத்தின் அடியிலுள்ள பெருஞ்சிரைகளில் சேர்க்கின்றன. இந்நீரைத் தள்ளுவதற்கென இதயம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. நாளங்களின் சுருக்கமும் தசைகளின் அசைவும் மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதனை நகர்த்துகின்றன.

இவ்வழி பழுதுபட்டால் நீர் தேங்கிக் கையோ காலோ வீங்கும். இதுவே நிணநீர் வீக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்படுவதால் சிலருக்குக் கை வீங்குவதுண்டு. நம் நாட்டில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது யானைக்கால் நோய். கியூலெக்ஸ் வகைக் கொசு பரப்பும் நூல் போன்ற புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைச் சிதைக்கின்றன. பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ வாழும் மாணவர்கள் ‘ஹாத்திபாவ்’ என்னும் சொல்லைக் கேட்டிருக்கலாம். தமிழ்ப் பெயரின் பொருளும் அதுவே. முற்காலத்தில் கும்பகோணம் பகுதியிலும் இந்நோய் மிகுந்திருந்தது. உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேட்டால் கூறுவர்.

மருந்துகள் புழுக்களை ஒடுக்கும். சிதைந்த நாளங்களைச் சீராக்கா. இங்கேதான் இயன்முறை மருத்துவரின் பணி தொடங்குகிறது.

அவர் முதலில் நோயாளியின் இரண்டாம் கால்விரலின் அடித்தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார். நலமுள்ள காலில் தோல் மடிப்பாக எழும். நிணநீர் தேங்கித் தடித்த காலில் எழாது. பின்னர் அளவு நாடாவால் காலின் சுற்றளவைப் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்வார். காய்ச்சலும் தோற்சிவப்பும் இருந்தால் அன்று காலை நீவ மாட்டார், மருத்துவரிடம் அனுப்புவார். தொடக்கூடாத நாளை அறிவதும் இக்கலையின் ஒரு பகுதியே.

நிணநீரைக் கையால் நீவி நகர்த்தும் முறையை 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்திரிதும் உருவாக்கினர். அழுத்திப் பிசைவது இதன் வழியன்று. நிணநீர் நாளங்கள் தோலுக்குச் சற்றே கீழே இருப்பதால் தோலை மெல்ல இழுத்து விடுவதே போதும். வீங்கிய காலையே முதலில் தொடுவார் என்று நாம் எண்ணுவோம். அவரோ கழுத்திலும் தொடையிடுக்கிலும் தொடங்குவார். கடைமடை அடைபட்டிருக்கத் தலைமடையைத் திறந்து என்ன பயன்? நீர் செல்லும் இடத்தை முதலில் திறந்துவிட வேண்டும்.

அடுத்து, கால்விரலிலிருந்து மேல்நோக்கித் துணிப்பட்டை கட்டுவார். கணுக்காலில் இறுக்கம் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். மிகுதியாக நீளும் பட்டை இதற்கு உதவாது. நடக்கும்போது தசை புடைக்கிறது. அதிகம் நீளாத பட்டை அதற்கு இடங்கொடாமல் நிற்பதால் இடையிலுள்ள நீர் பிழியப்பட்டு மேலே செல்கிறது. ஆகவே, கட்டோடு படுத்திருப்பதைவிடக் கட்டோடு நடப்பதே சிறந்தது. கோடை வெயிலில் பல அடுக்குத் துணியுடன் நடப்பது எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யானைக்கால் நோயாளிக்கு இவை எல்லாவற்றையும்விட இன்றியமையாதது, நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி விரலிடுக்குகளில் ஈரம் போகத் துடைப்பதே என்பது என் கருத்து. விரலிடுக்கின் சிறு வெடிப்பு வழியே கிருமி புகுந்தால் கடுங்காய்ச்சல் வரும்; ஒவ்வொரு முறையும் வீக்கம் மேலும் கூடும். இதனால்தான் அரசு நலத் திட்டத்தின்கீழ் நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவை வழங்கப்படுகின்றன.

இவ்வீக்கம் பெரும்பாலும் முற்றும் நீங்குவதில்லை. முதற்சில வாரங்கள் மருத்துவரின் கை உழைக்கும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் நோயாளியின் கையே உழைக்க வேண்டும். எனவே இயன்முறை மருத்துவர் பாதி ஆசிரியர். பிறர் பார்ப்பார்களே என்று திருமணங்களுக்குச் செல்லாமல், காலைப் புடைவையால் மூடி அமர்ந்திருக்கும் பெண்ணிடம் கட்டும் முறையைக் கற்பிப்பதற்கு முன், அவர் அந்தக் காலை வெளியே நீட்டும்படி அவரது அச்சத்தைப் போக்க வேண்டும். இதற்குப் பாடநூல் போதாது.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களோடு உயிரியலும் பயின்றோர் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் சேரலாம். நான்காண்டுப் பாடத்திற்குப்பின் மருத்துவமனை உட்பயிற்சி உண்டு. நிணநீர் நீவுதலைத் தனிப்பயிற்சியாகப் பின்னர்க் கற்கலாம். புற்றுநோய் மருத்துவமனைகளில் இத்தகையோர் தேவைப்படுகின்றனர். அங்கே ஒவ்வொரு முறையும் அளவு நாடா வெளியே வரும். சென்ற வாரக் குறிப்பைவிட ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதலில் அந்த எண்ணைக் கேட்பவர் நோயாளிதான்.