படை வளர்த்த உதைபந்தாட்டம்

அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போன மகன், மஃரிபுக்கு முன்னர் வீடு திரும்பி, சேறு பிடித்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "உம்மா, ஆமி டீமுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். போகட்டா?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

வன்னியில் இந்தக் கேள்வியை எல்லா வீடும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும், அவற்றுக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும், சீருடை என்றவுடன் நெஞ்சு ஒருமுறை திடுக்கிட்டுப் பின்னர்தான் அமைதியடையும் தாய்மார் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் ஆயுதம் ஏந்தியவர்களின் ஒரு கட்டளைக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் புத்தளத்துக்குப் போனவர்களும், 2009 வரை ஷெல்லடிக்கு நடுவே ஓடியவர்களும் இன்று ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். அதனால் அந்தத் திடுக்கத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மகன் கேட்டது பந்தைப் பற்றி. அதோடு சம்பளத்தைப் பற்றியும். படைகள் நடத்தும் உதைபந்தாட்ட அணிகள் எப்படி எழுந்தன, எப்படி விழுந்தன என்பதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லதல்லவா?

நம் நாட்டிலேயே பாருங்கள். 2021இல் தொடங்கிய 'சுப்பர் லீக்'கில் பத்துக் கழகங்கள் ஆடின. அவற்றில் டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் என்று மூன்று பெயர்கள். கேட்பதற்கு ஏதோ புதுக் கழகங்கள் போலிருக்கும். ஆனால் முதலாவது இராணுவம், இரண்டாவது கடற்படை, மூன்றாவது விமானப்படை. பத்தில் மூன்று அணி படைகளுடையது! பெயர்தான் புதியது, வீரருக்குச் சம்பளம் வருவது பழைய இடத்திலிருந்துதான். டிஃபென்டர்ஸ் 2018-19 பருவத்தில் நாட்டின் சம்பியனாகி, 2020இல் ஆசியக் கிண்ணக் கழகப் போட்டிக்கும் போனது. அங்கே தகுதிச் சுற்றிலேயே பூட்டான் நாட்டின் பாரோ கழகத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. உள்ளூரில் சிங்கமாக இருந்தவர்கள், கடல் தாண்டியதும் ஒரு சின்ன மலைநாட்டின் கழகத்திடம் நின்றுவிட்டார்கள். இது ஏன் என்று விளங்க வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நமது பிராந்தியத்துக்கு உதைபந்தைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு பிரித்தானியப் பட்டாளங்களுக்கு உண்டு. 1888இல் சிம்லா மலையில் மோர்ட்டிமர் டூரண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தம் பெயரில் ஒரு கிண்ணத்தை வைத்தார். படையினர் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கிண்ணம் வெள்ளைக்காரப் படையணிகளின் கையிலேயே சுற்றியது. 1940 டிசம்பரில், டெல்லியில், கல்கத்தாவின் முகம்மடன் ஸ்போர்ட்டிங் கழகம் ரோயல் வொர்விக்ஷயர் படையணியை 2-1 என்று வென்று அதைப் பறித்தது. டூரண்ட் கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணி அதுதான். ஏற்கெனவே 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற கழகம் அது. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் மீண்டும் வரும்.

வெள்ளைக்காரன் போனான், பட்டாளத்தில் பந்து நின்றது. நீலகிரியில் ஊட்டிக்குப் போகும் வழியில் வெலிங்டன் என்றோர் ஊர். மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் அங்கேதான். அந்த மையத்தின் அணி 1955இல் இந்திய விமானப்படையை வென்று டூரண்ட் கிண்ணத்தை எடுத்தது. 1958இல் கூர்க்கா படையணியை வென்று மறுபடியும் எடுத்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மலைகள் நிற்கும்போது ஒரு பயிற்சி முகாமின் அணி இரண்டு தரம் வென்றதென்றால் சும்மாவா?

அந்த அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், செகந்தராபாத்தின் சிறு கழகங்களில் ஆடித் திரிந்த பையன். 1953இல் பட்டாளத்தில் சேர்ந்தார். முதலில் முன்வரிசையில் கோல் அடிக்கிற இடத்தில் ஆடியவரைப் பட்டாளந்தான் கோல்காப்பாளராக்கியது. நெட்டையான உடல், நீண்ட கை. அங்கே அவருக்குக் கிடைத்ததை யோசித்துப் பாருங்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம், விடியற்காலைப் பயிற்சி, காயம் பட்டால் வைத்தியசாலை. அந்தக் காலத்தில் எந்த உம்மாவால், எந்த ஊர்க் கழகத்தால் ஒரு பையனுக்கு இதைக் கொடுத்திருக்க முடியும்? 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த அணியைப் பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் சாஹிப். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியை இந்தியாவே பயப்படும் அணியாக்கியவர் அவர். 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கிண்ணத்தை அந்தப் பொலிஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1963இல் புற்றுநோயால் அவர் மறைந்தார். அந்த அணியின் பழைய பலமும் மெல்ல மெல்லக் குறைந்தது. (அவருடைய மகன் ஹக்கீம் விமானப்படை அதிகாரியாகி, ஒலிம்பிக் அணிவரை போனவர். வாத்தியார் வீட்டிலிருந்து சீருடைக்குப் போன பிள்ளை!)

தங்கராஜ் வெலிங்டனிலேயே இருந்துவிடவில்லை. கல்கத்தா அழைத்தது. முகம்மடன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்தார். பிறகு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். பட்டாளம் ஆளை உருவாக்கும், கழகம் கொண்டுபோய்விடும். படையணிகளின் சரிவுக்கு ஒரு காரணம் இங்கேயே தெரிகிறது. இன்னொன்று, பட்டாளத்தின் முதல் வேலை பந்தல்ல. 1962, 1965, 1971 என்று போர்கள் வந்தன. இடமாற்றம் வந்தால் கோல்காப்பாளர் ஒரு மூலைக்கும் முன்வரிசை ஆள் ஒரு மூலைக்கும் போவார்கள். கூர்க்கா படையணி 1966இலும் 1969இலும் டூரண்ட் கிண்ணத்தை வென்றது. அதற்குப் பின் இராணுவ அணி ஒன்று அதைத் தூக்க 2016 வரை, 47 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வங்கிகளும் கம்பனிகளும் வேலை கொடுக்கத் தொடங்கிவிட்டன. பிறகு பணம் கொட்டும் தொழில்முறை லீக் வந்தது. வெளிநாட்டு வீரரை விலைக்கு வாங்குகிற காலத்தில், சிப்பாயை மட்டும் வைத்து ஆடுகிற அணி எவ்வளவு தூரம் ஓடும்? டிஃபென்டர்ஸ் கடல் தாண்டித் தடுமாறியதற்கும் இது ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

தாய்லாந்தின் கதை இன்னும் கடுமையானது. 1916இல் தொடங்கிய இராணுவக் கழகம், பின்னாளில் 'ஆர்மி யுனைட்டட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பாங்கொக்கில் தன் சொந்த மைதானத்தில் ஆடியது. 2009 முதல் அங்கே கழகங்கள் கம்பனிகளாகப் பதிய வேண்டும் என்று வந்தது. மின்சார சபையின் அணியை ஓர் அரசியல்வாதி வாங்கி, புரிராம் என்ற மாகாண ஊருக்குக் கொண்டுபோனார். அந்த ஊரே திரண்டு அதைத் தன் அணியாக்கியது. இன்று தாய்லாந்தில் அதிகம் வெல்லும் கழகம் அதுதான். ஆர்மி யுனைட்டடுக்கோ ஊர் என்று ஒன்று இல்லை. 2016இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. 2019 பருவம் முடிந்ததும் கலைக்கப்பட்டது. நூறு ஆண்டு கடந்த ஒரு கழகம், மேலிருந்து வந்த ஒரு முடிவோடு இல்லாமல் போயிற்று.

அப்படியானால் ஊர்க் கழகமே மேலா? அவசரப்பட வேண்டாம். முகம்மடன் ஸ்போர்ட்டிங் 1891இலிருந்து உயிரோடு இருக்கிறது. எத்தனையோ முறை விழுந்து, 2024இல் இந்தியாவின் முதல்தர லீக்குக்கும் ஏறியது. இத்தனை காலம் அதைத் தாங்கியது சனம். ஆனால் அதே கழகத்தின் வீரர்கள் 2025 ஆரம்பத்தில் சம்பளம் வரவில்லை என்று பயிற்சிக்குப் போகாமல் நின்றதும் செய்தியாக வந்தது. சனத்தின் அன்பு கழகத்தைச் சாகவிடாது. வீரன் வீட்டு அடுப்பை எரிக்க அது போதாது. படையணியில் இது தலைகீழ். 2020இல் கொரோனாவால் மைதானங்கள் மூடியபோது, சிப்பாயாக இருந்த ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் இருந்தது. ஆட்டத்தை மட்டும் நம்பியிருந்தவன் கடன் வாங்கினான்.

ஆகவே பட்டாணிச்சூரிலோ நாச்சிக்குடாவிலோ ஒரு பையன் இந்த அழைப்போடு வந்தால், 'கூடாது' என்றும் 'போ' என்றும் உடனே சொல்லிவிடாமல் சிலவற்றைக் கேட்டறியுங்கள். சேர்ப்பது ஆட்டக்காரனாக மட்டுமா, முழுச் சிப்பாயாகவா? முழுச் சிப்பாய் என்றால் பந்து நின்றாலும் சேவை நிற்காது. இடையில் விட்டு வருவது பிள்ளையின் விருப்பத்தில் இல்லை. எத்தனை ஆண்டுக்குக் கையொப்பம்? ஓய்வூதியம் எத்தனையாவது ஆண்டில்? முழங்கால் உடைந்து இருபத்து மூன்று வயதில் ஆட்டம் முடிந்துபோனால் எந்த வேலையில் போடுவார்கள்? சாதாரண தரத்தோடு நிறுத்திய படிப்பை உள்ளே இருந்துகொண்டே தொடரலாமா? வேறு கழகம் அழைத்தால், தங்கராஜைப் போல, விடுவார்களா? இவற்றை வாய்ப்பேச்சில் விடாமல், கையொப்பமிடுகிற தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.